முதுகில்லாத கோட்டு

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் நால்வரும் ஒரு பிண வண்டியில் ஈஸ்ட் லிவர்பூல் போய்ச் சேர்ந்தோம். நால்வருக்கும் உயிர் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக யாருக்கு உயிர் இருந்தது, யாருக்கு இல்லை என்பதில் கொஞ்சம் குழப்பம் வரும்.

வண்டி மிஸ்டர் கார்னீலியஸ் யான்சியுடையது. அலிக்விப்பாவில் எங்கள் கறுப்பு ஜனத்தின் சாவுகளை எல்லாம் எடுத்து அடக்கம் செய்தவர் அவர்தான். பக்கத் தொழிலாக எங்களுக்கு மேனேஜர். 1958-இல் நாலு பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒஹாயோ ஆற்றங்கரை ஊர்களைச் சுற்ற, பிண வண்டியைப் போல வசதியான வண்டி வேறு கிடையாது. காலை நீட்டிப் படுக்கலாம். போலீஸ்காரன் மறிக்க மாட்டான். தொப்பியைக் கழற்றி வழி விடுவான்.

எங்கள் குழுவின் பெயர் கில்டீர்ஸ். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்களுக்கு அடுத்த தெருவிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. வாத்தியம் வாங்க வக்கில்லாத பையன்கள் வாயையே வாத்தியமாக்கிப் பாடுகிற டூ-வாப் பாட்டு எங்களுடையது. எஃகு ஆலைக்குள் தொழிலாளர் நடந்து போகும் சுரங்கப் பாதையில் எதிரொலி நன்றாக இருக்கும். ஷிப்ட் மாறும்வரை அங்கே நின்று பழகுவோம். முன்னால் நின்று பாடுவது எர்ஸ்கின் மோட்டன். அவனுக்கு இரண்டு பக்கமும் பெட்டவே வீட்டு இரட்டையர், லான்ஸோவும் ஆல்வாவும். அடியில் நின்று 'டூம் டூம் டூ-வா' போட்டுக்கொண்டிருந்தது நான். பெயர் எல்பர்ட், சர்ச்சு மூப்பர் மாதிரிக் கனத்த குரல் என்று எல்லோரும் டீக்கன் என்பார்கள்.

எர்ஸ்கினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் ஆலையில் நிலக்கரியைச் சுடும் கல்கரி உலை வாயிலில் வேலை பார்த்தான். இடது கை முழங்கை வரை வெந்து ஆறிய தோல். அப்போது அவன் மனைவி வெர்னாவுக்கு ஏழாம் மாதம். "என் புள்ள பொறக்கும்போது நான் அந்த உலை முன்னால நிக்க மாட்டேன்டா" என்று தினமும் ஒரு முறை சொல்வான், ஜபம் மாதிரி. வருகிற சனிக்கிழமை பிட்ஸ்பர்கில் ஒரு போட்டி. பிலடெல்பியாவிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அதைக் கேட்க வருகிறார். எர்ஸ்கினின் உலகம் அந்தச் சனிக்கிழமையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் கோட்டு.

வானநீலத்தில், பட்டுக் காலருடன், நாலு பேருக்கும் ஒரே மாதிரி. யான்சி தன் கடைச் சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிணத்துக்குப் போடுகிற கோட்டு என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு முதுகு இருக்காது. படுத்திருக்கிறவருக்கு முதுகு எதற்கு? முன்பக்கம் மட்டும் மாப்பிள்ளைக் கோலம். உள்ளே போடும் சட்டையும் அப்படியே, நெஞ்சு மட்டும்தான். பின்னால் ஆளுக்கு ஏழு ஊக்கு மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டோம். மற்ற குழுக்கள் மேடையில் சுழன்று சுழன்று ஆடும். நாங்கள் சுழன்றால் மானம் போகும். அதனால் கில்டீர்ஸ் திரும்பவே திரும்பாது. ஜனங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்தார்கள்.

ஒவ்வொரு காலருக்குள்ளும் மையால் பெயர் எழுதிய ஒரு துணி நாடா தைத்திருந்தது. தைத்தவர் பெயர் என்று நினைத்தோம். நாலு கோட்டுக்கு நாலு தையல்காரரா என்று யாரும் கேட்கவில்லை. ஓசியில் வந்த உடுப்பை யாரும் உதறிப் பார்ப்பதில்லை.

சரி, ஈஸ்ட் லிவர்பூல். அங்கே ஸ்கேட்டிங் அரங்கு எங்கள் ஜனத்துக்கு வாரத்தில் திங்கட்கிழமை மட்டும். டிக்கெட் ஜன்னலில் மிஸ் ஒடெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கினாள்.

"மறுபடியும் என்ன ராசா? எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"மறுபடியுமா? நாங்க இப்பத்தானே வர்றோம், மிஸ் ஒடெஸ்ஸா" என்றான் எர்ஸ்கின்.

"அப்ப நேத்து வந்தது யாரு? உங்க சித்தப்பாமாரா?"

நேற்று ஞாயிறு. அரங்கு மூடியிருந்தது. அவள் உள்ளே ஸ்கேட் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாளாம். நிமிர்ந்து பார்த்தால் தளத்தின் நடுவில் நாலு ஆண்கள், வரிசையாக.

"நாளைக்கு இங்க பாடப் போற நாலு பேரு நீங்கதானான்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல. 'எங்க கோட்டு வந்துடுச்சா?'ன்னு கேட்டாங்க. நாளைக்கு வரும்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க."

"என்ன போட்டிருந்தாங்க?"

"கழுத்துக்குக் கீழ நான் பாக்கல. நான் சர்ச்சுக்குப் போறவ."

"எந்தக் கதவு வழியா வந்தாங்க?"

மிஸ் ஒடெஸ்ஸா மூக்குக் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

"பூட்டித்தான் வெச்சிருந்தேன்" என்றாள் மெதுவாக. "இப்ப நீ கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன்."

எர்ஸ்கின் யோசிக்கவில்லை. நேராக யான்சியிடம் போனான். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் இது வழக்கமான களவு. இசைத்தட்டில் முகம் கிடையாது. ஒரே பெயரில் மூன்று ஊரில் மூன்று குழுக்களை அனுப்பும் மேனேஜர்கள் இருந்தார்கள். எங்களுக்கும் ஒரு தட்டு வந்திருந்தது. நானூறு பிரதி. அதில் பாதி இன்னும் யான்சி கடையில், சவப்பெட்டிகளுக்கு நடுவில்.

"எங்க பேர்ல வேற பசங்கள அனுப்புறீங்களா, மிஸ்டர் யான்சி?"

யான்சி பிண வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க நாலு பேரையே எவனும் கூப்பிட மாட்டேங்கிறான். இதுல இன்னும் நாலு பேரா?" என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் கோட்டைப் பற்றி அந்த நாலு பேர் கேட்டதாகச் சொன்னபோது, அவர் கையிலிருந்த துணி ஒரு கணம் நின்றது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அன்றிலிருந்து வண்டிக்குள் யாரும் யாரையும் நம்பவில்லை. எர்ஸ்கின் ரகசியமாகப் புதுக் குழு சேர்க்கிறான் என்று இரட்டையர் என்னிடம் சொன்னார்கள். இரட்டையர்தான் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று எர்ஸ்கின் என்னிடம் சொன்னான். என்னைப் பற்றி இரு தரப்பும் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை ஸ்டூபன்வில். நண்பகல், தலைக்கு மேல் வெயில். சங்க மண்டபத்தின் சமையலறையில் பிரதர் டென்டன் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியை ஆட்டினார்.

"காலையில வந்த உங்க ஆளுங்க ஏன்டா அப்படி நனைஞ்சிருந்தாங்க? மழையே இல்லையே!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறன்று ஒரு நாள் முன்னால் வந்தவர்கள், இன்று மூன்று மணி நேரம் முன்னால் வந்திருக்கிறார்கள்.

"நின்ன எடத்துல பாரு, இன்னும் காயல" என்றார் டென்டன். சுவரோரம் எட்டுப் பாதங்களின் ஈரம். செருப்புத் தடம் இல்லை. ஐந்து ஐந்து விரல்கள். குனிந்தால் வாடை வந்தது. நனைந்த கரி. அதற்கு மேல், அடைத்த அறையில் வாடிய பூ.

"என்ன கேட்டாங்க?" என்றான் லான்ஸோ.

"கோட்டு வந்துடுச்சான்னு. வரலன்னேன். 'அப்ப காத்திருக்கோம்'னு செவுத்தோட சாஞ்சு நின்னு பாட ஆரம்பிச்சாங்க. சர்ச்சுப் பாட்டு. அடேயப்பா!"

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"அடியில பேஸ் பாடினவன் என்னைவிட நல்லாப் பாடினானா?"

"தம்பி, கோவிச்சுக்காத. அவரு எறங்கின எறக்கத்துல மீனெல்லாம் சட்டியில தானாத் திரும்பிப் படுத்துச்சு."

அதற்குப் பிறகு எனக்கு அந்த மீன் இறங்கவில்லை.

டென்டன் அடுப்பை அணைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "முன்னால நின்னவரு மொகம் தெரிஞ்ச மொகம். வியர்டன்ல ஜோர்டான் நால்வர்னு ஒரு சர்ச்சுக் குழு இருந்துச்சே, அதுல லீடு பாடுவாரே ஹோசியா கிரிம்ஸ்லி, அச்சு அசல் அவரேதான்."

"அப்ப அவரையே போய்க் கேட்டுடலாம்" என்றான் எர்ஸ்கின்.

"கேக்கலாம். ஏப்ரல்ல நாலு பேரும் போன காரு ரயில்வே கேட்ல நின்னுபோச்சு. ரயில் நிக்கல."

ஆல்வா எர்ஸ்கினின் கோட்டுக் காலரை மெதுவாக வெளியே மடித்தான். மை கொஞ்சம் ஊறியிருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

எச். கிரிம்ஸ்லி.

தையல்காரர் இல்லை.

யான்சி வண்டியின் நிழலில் நின்று கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எர்ஸ்கின் காலரைக் காட்டினான். அவர் மறுக்கவில்லை, அதுதான் அவரிடம் இருந்த ஒரே நல்ல குணம்.

"பெட்டி நாலையும் மூடித்தான் வெக்க வேண்டியிருந்துச்சு. ரயில்ல அடிபட்ட ஒடம்பு. மூடின பெட்டிக்குள்ள பட்டுக் காலர் எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது? நல்ல துணி மண்ணுல மக்கணுமா, சொல்லு?"

"அவங்களுக்கு என்ன போட்டீங்க?" என்றேன்.

"போர்த்தினோம்."

"என்ன போர்த்தினீங்க?"

"மூடியைத்தான்" என்றார் யான்சி.

இரட்டையர் அங்கேயே, அந்த வெயிலிலேயே கோட்டைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். வியர்டன் கல்லறைக்குப் போய் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றான் ஆல்வா. எர்ஸ்கின் தன் கோட்டின் பொத்தானைப் போட்டான்.

"போட்டி முடியட்டும். சனிக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். அந்தக் கம்பெனிக்காரன் முன்னால அழுக்குச் சட்டையோட நிக்கச் சொல்றியா?"

"அவங்களோடதுடா அது."

"செத்தவனுக்குக் கோட்டு வேணும். நான் அந்த உலையிலேர்ந்து உசுரோட வெளிய வரணும்." வெந்த கையைத் தூக்கிக் காட்டினான். "எது அவசரம்னு நீயே சொல்லு, டீக்கன்."

நான் என் கோட்டை மடித்துத் துணிப்பெட்டிக்குள் வைத்தேன். வியர்டனுக்கு வண்டியைத் திருப்ப யான்சி சம்மதிக்கவில்லை. நாங்கள் கழற்றிய மூன்று கோட்டும் பெட்டிக்குள் எங்களோடு பிட்ஸ்பர்க் வந்தன.

சனிக்கிழமை மாலைக் காட்சி, நாலு மணி. தியேட்டரின் பின்வாசலில் நின்ற காவல்காரர் எங்களை நிறுத்தினார்.

"கில்டீர்ஸா? உங்க ஆளுங்க வந்துட்டாங்களே. கீழ ரூம்ல உக்காந்திருக்காங்க."

"எப்ப வந்தாங்க?" என்றேன்.

"இப்பத்தான். நீங்க படியேறுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால."

கீழே போனோம். அறையில் நாலு நாற்காலிகள், நாலும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தன. யாரும் இல்லை. நாலு இருக்கையும் ஈரம். வாடை தொண்டையில் பிடித்தது.

இரட்டையரும் நானும் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலரில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, ஆளுக்கொரு நாற்காலியில் மடிப்புக் கலையாமல் மாட்டினோம். "மன்னிச்சுக்குங்க பிரதர்" என்று லான்ஸோ தன் நாற்காலியிடம் சொன்னான். பக்கத்து உணவுக் கடைப் பரிசாரகர்களிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டோம். மேலே படியேறினோம். எர்ஸ்கின் நீலக் கோட்டில் முன்னால் போனான். அவன் முதுகில் ஏழு ஊக்குகள் மின்னின.

நாலாவது நாற்காலி காலியாகவே இருந்தது.

மேடையில் ஒரே மைக். அதைச் சுற்றி நாங்கள் நிற்கிற முறை ஒன்று உண்டு. எர்ஸ்கின் ஒரு சாண் தூரத்தில், இரட்டையர் ஓரடி தள்ளி, நான் பக்கவாட்டில் குனிந்து. எங்கள் முதுகுக்குப் பின்னால் சிவப்புத் திரை. மூன்றாம் வரிசையில் சாம்பல் நிறத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர்.

ஆரம்பித்தோம்.

முதல் சரணம் சுமாராகப் போனது. இரண்டாவது சரணத்தில் நான் அடிக்குரலுக்கு இறங்கினேன்.

எனக்குக் கீழே இன்னொருவர் இறங்கினார்.

பின்கழுத்தில் குளிர் பட்டது. திரை அசையவில்லை. இரட்டையரின் கண்கள் அகன்றன. ஆனால் வாய் நிற்கவில்லை. பாட்டை நடுவில் நிறுத்துவது எங்களுக்குத் தெரியாத வித்தை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்.

ஒரு ஊக்கு மேடைப் பலகையில் விழுந்தது.

டிக்.

எர்ஸ்கினின் கோட்டு தோளில் தளர்ந்தது. அவன் இரண்டு கையாலும் கோட்டின் முன்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பாடினான். நெஞ்சு உருகிப் பாடுகிறான் என்று நினைத்துப் பெண்கள் கூவினார்கள்.

டிக். டிக். டிக்.

ஏழாவது ஊக்கு விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. வயதான, மரியாதையான குரல். நான் பக்கத்தில் நின்றதால் தெளிவாகக் கேட்டது.

"பாட்டு முடியட்டும் தம்பி. நடுவுல புடுங்குறது மொறையில்ல."

கடைசி வரி வரை காத்திருந்தார்கள். அவர்களும் பாட்டுக்காரர்கள்தானே. அரங்கம் எழுந்து நின்றது. கம்பெனிக்காரரும் எழுந்தார். அந்தக் கைதட்டலுக்கு அடியில்,

"இப்பக் குடு."

"தர மாட்டேன்" என்றான் எர்ஸ்கின், பல்லைக் கடித்துச் சிரித்தபடி.

"நான் மண்ணுக்குள்ள வெறும் ஒடம்போட கெடக்கேன்பா."

"நான் உலைக்குத் திரும்பிப் போக மாட்டேன்."

கோட்டு பின்னால் இழுபட்டது. எர்ஸ்கின் முன்னால் இழுத்தான். கையில் வெந்த தோல் வெளுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைதட்டல் ஓயும் நேரம்தான் இருக்கும். பிறகு இழுப்பு நின்றது. பின்னாலிருந்தவர் பெருமூச்சு விட்டார். நனைந்த கரி வாடை என் முகத்தில் அடித்தது.

"சரி. கொஞ்சம் தள்ளிக்க. ரெண்டு பேருக்கு எடம் இருக்கு."

எர்ஸ்கினின் தோள் ஒரு முறை குலுங்கியது, குளிரில் நடுங்குகிறவனைப் போல. அப்புறம் கோட்டு அவன் மேல் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

"விட்டுட்டாருடா டீக்கன்" என்றான். முகத்தில் வியர்வை. "பாத்தியா, விட்டுட்டாரு."

நான் அவன் பின்பக்கம் பார்த்தேன். ஊக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் கோட்டு திறந்திருக்கவில்லை. தோளிலிருந்து இடுப்புவரை நீலத் துணி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

கீழே போனபோது மூன்று நாற்காலியும் வெறுமையாக இருந்தன. கோட்டுகளைக் காணோம். இருக்கைகள் காய்ந்திருந்தன. எங்களுக்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை என்றார் காவல்காரர். நாலாவது நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கம்பெனிக்காரர் வந்தார். எங்கள் மூவரையும் ஜன்னல் கண்ணாடியைப் பார்ப்பதுபோல ஊடுருவிப் பார்த்துவிட்டு, எர்ஸ்கினிடம் கை கொடுத்தார். "நீ மட்டும் வா" என்றார். அதில் பேய் எதுவும் இல்லை. எல்லாக் குழுவும் அப்படித்தான் முடியும். கில்டீர்ஸின் வாழ்வு அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு முடிந்தது. எர்ஸ்கின் உலைக்குத் திரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

கல்லறைக்கும் போகவில்லை.

அவன் தட்டுகள் வந்தன. பெரிய பெயர் இல்லை. இரண்டு மூன்று மாநிலங்களில் ஓடும். நான் ஒவ்வொன்றையும் வாங்கிக் கேட்டேன், சந்தேகத்தோடு. குரல் எர்ஸ்கினுடையதுதான். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்து வளைக்கிற விதம், மூச்சை எடுக்கிற இடம், அதெல்லாம் சர்ச்சில் முப்பது வருஷம் பாடியவருக்குத்தான் வரும். எர்ஸ்கினை அவன் அம்மா சர்ச்சுக்குள் இழுத்துக்கொண்டு போவதற்கே இரண்டு பேர் வேண்டும்.

ஒரு நாள் வெர்னா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"டீக்கன், உண்மையைச் சொல்லு. அவனுக்கு வேற பொம்பள இருக்காளா?"

"ஏன் கேக்குற?"

"அந்தக் கோட்டைக் கழட்டவே மாட்டேங்கிறான். மல்லாந்துதான் தூங்குறான். பின்னாலேர்ந்து கட்டிப்புடிச்சா அலறுறான். நடுவுல யாரோ இருக்காங்க டீக்கன். எனக்குத் தெரியுது."

"பொம்பள இல்ல வெர்னா" என்றேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

1961-இல் ஒரு ஞாயிறு மாலைக் காட்சிக்கு அவன் பிட்ஸ்பர்க் வந்தான். ஒப்பனை அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். எர்ஸ்கின் என்னைப் பார்த்தபடி நின்றான். நல்ல உடம்பு, நல்ல மோதிரம், அதே நீலக் கோட்டு.

"டேய் டீக்கன்! இன்னும் செத்துப் போகலையா நீ?"

"உன்கிட்ட கேக்கத்தான் வந்தேன். அந்தக் கோட்டைக் குடுத்துடுடா."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. குரல் மட்டும் தணிந்தது.

"குடுக்க முடியல. முயற்சி பண்ணேன்டா. கழட்டினா..." முடிக்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நின்னு பேசு. அவரு தூங்குறாரு."

அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, சுற்றிலும் விளக்கு. எர்ஸ்கின் என்னைப் பார்த்து நின்றதால், கண்ணாடியில் அவன் முதுகு தெரிய வேண்டும்.

தெரிந்தது முதுகு இல்லை.

அதே நீலக் கோட்டு. அதற்கும் ஒரு முன்பக்கம். பட்டுக் காலர், பொத்தான், இரண்டு கைகள் நெஞ்சின் மேல் கட்டியபடி. பிடரி இருக்க வேண்டிய இடத்தில் நரைத்த மீசையோடு ஒரு முகம். கண் மூடியிருந்தது.

நான் பின்கையால் கதவுப் பிடியைத் தேடினேன்.

கண் திறந்தது.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, அந்த முகம் மரியாதையாகத் தலையசைத்தது. எர்ஸ்கினின் தலையும் சேர்ந்து அசைந்தது, எதிர்ப்பக்கமாக.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். தெருவில் வந்துதான் திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவனைத் தேடிப் போகவில்லை. பயந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், வெட்கம் இல்லை.

1987 பிப்ரவரியில் எர்ஸ்கின் மாரடைப்பில் இறந்தான். உலை முன்னால் இல்லை. ஃப்ளாரிடாவில், நீச்சல் குளத்தங்கரையில், மல்லாந்து. உடல் அலிக்விப்பாவுக்கு வந்தது. யான்சி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். கடையை அவர் மகள் லெனோரா நடத்தினாள். கெட்டிக்காரி. அப்பாவைப் போல இல்லாமல், மூடிய பெட்டியென்றாலும் காலுறைவரை போட்டு அனுப்புகிறவள். வெர்னாவிடம் சொல்லி, முதுகுள்ள புதுக் கறுப்புக் கோட்டு ஒன்றை நானே வாங்கி லெனோராவிடம் கொடுத்திருந்தேன். பழையதை வியர்டனில் புதைத்துவிடலாம் என்று என் எண்ணம்.

அடக்கத்தன்று காலை எட்டு மணிக்கு லெனோரா போன் செய்தாள். "எல்பர்ட் மாமா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. நீங்க மட்டும் வாங்க."

போனேன். கடைக்குப் பின்னால் உள்ள அறை. மேஜை மேல் வெள்ளைத் துணி போர்த்தி எர்ஸ்கின். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். லெனோரா கையுறையைக் கழற்றாமல் சுவரோரம் நின்றாள். இருபது வருஷம் பிணத்தோடு வேலை பார்த்தவள். முகம் மாவு பூசியதுபோல இருந்தது.

"பழைய கோட்டு கழட்ட வரல மாமா. வெட்டித்தான் எடுத்தேன்" என்றாள். குரலைத் தணித்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெட்டியில வைக்கிறப்ப, எந்தப் பக்கத்தை மேல வைக்கட்டும்?"

நான் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

"ரெண்டு பேருக்கும் சட்டை போட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றேன். "யாரும் யாருக்கும் கீழ இருக்க வேணாம்."

அப்படியே செய்தாள். பெட்டியை மூடி ஆணி அடித்தோம். சர்ச்சுக்குத் தூக்கிப் போக ஆறு பேர் போதவில்லை. எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். பெட்டவே இரட்டையரும் நானும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். பாதிரியார் எழுந்தார், பாடகர் குழு எழுந்தது. முதல் சரணத்தைப் பாடி முடித்தார்கள்.

இரண்டாவது சரணத்தில் லீடு எடுக்க வேண்டிய பெண் வாயைத் திறப்பதற்குள், சரியான இடத்தில், சரியான சுருதியில், பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் எடுத்தார்.

எர்ஸ்கினின் குரல் இல்லை.